பட்டமரத்துக் குடித்தனம்

சாத்தாங்காடு என்னும் ஊர்ப்பெயரில் காடு இருக்கிறதே தவிர, ஊரில் காடு இல்லை. இரும்புதான் இருக்கிறது. பழைய சென்னையின் நெரிசல் மிகுந்த தெருக்களில் நடந்துவந்த இரும்பு, எஃகு மொத்த வணிகத்திற்கென்று பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்துக் கொடுத்த சந்தை இங்கேதான் உள்ளது. கம்பிக் கட்டுகளையும் தகடுகளையும் சுமந்த நீண்ட லாரிகள் இரவும் பகலும் வந்துபோகும். ஒரு பக்கம் மணலித் தொழிற்சாலைகளின் புகைபோக்கிகள். மறுபக்கம் பக்கிங்ஹாம் கால்வாய். இவற்றுக்கு நடுவே ஒரு பள்ளிவாசலை ஒட்டிய மதரஸாவில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருகிறேன். இரும்பு இரும்போடு மோதும் ஓசை எங்களுக்குப் பழகிவிட்டது. அந்த ஓசை நின்றால்தான் பிள்ளைகள் தலைநிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஆனால் 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வேறோர் ஓசை அவர்களைத் தலைநிமிர வைத்தது. 'டக் டக் டக்' என்று சன்னலுக்கு வெளியிலிருந்து வரும். பிறகு நின்றுவிடும். ஓதிக்கொண்டிருக்கும் பிள்ளை நிறுத்தி விட்டுக் காதைத் தீட்டிக் கொள்ளும். மறுபடியும் 'டக் டக்'. வகுப்பே சிரிக்கும். பிரம்பை மேசையில் தட்டினால், "ஹஜ்ரத்தும் மரங்கொத்தி மாதிரியே தட்டுறாங்க" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்கும்.

பள்ளிவாசல் முற்றத்தின் மூலையில் நின்ற தென்னை மரத்திலிருந்துதான் அந்த ஓசை வந்தது. தென்னை மரம் என்று சொல்வதைவிடத் தென்னந்தூண் என்பதே பொருந்தும். 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயலை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். நகரெங்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்த அந்த நாளில், எங்கள் தென்னை சாயவில்லை. அதன் தலை மட்டும் முறிந்து விழுந்தது. அதன்பின் கொண்டையில்லாத அடிமரம் ஏறக்குறைய முப்பது அடி உயரத்திற்கு வெயிலில் சாம்பல் நிறமாக நின்றுகொண்டிருந்தது. அதில் பதினைந்து அடி உயரத்தில் வட்டமாக ஒரு பொந்து புதிதாகத் தோன்றியிருந்தது.

எங்கள் ஜமாஅத்தில் மனு, விண்ணப்பம், நன்றிக் கடிதம் எதுவாயினும் என்னிடமே வரும். வரலாற்றில் பட்டம் பெற்றவன் என்பதால் எழுத்து வேலை என் பங்காகிவிட்டது. அந்தத் தென்னையை அகற்ற வேண்டுமென்று நிர்வாகத்திற்கு ஒரு மனுவை யாரும் கேட்காமல் நானே எழுதினேன். "மரங்கொத்தி துளைத்துச் சிதைத்தமையால் மரம் பட்டுப்போய், பிள்ளைகளின் உயிருக்கு ஆபத்தாக நிற்கிறது" என்பது அதன் முக்கிய வாசகம். எழுதும்போது அந்தச் சொற்கட்டு எனக்கே பிடித்திருந்தது. அந்த ஆண்டு ரமலான் மே மாத நடுவில் வரவிருந்தது. நோன்புக் கஞ்சி வழங்கும் பந்தலுக்கும் அந்த மூலைதான் தேவைப்பட்டது. ஆகவே, ஏப்ரல் கடைசி ஞாயிறன்று மரத்தை வெட்டுவதென நிர்வாகம் முடிவு செய்தது. என் மனு இவ்வளவு விரைவாக நிறைவேறியதில் எனக்குச் சிறிது பெருமையும் உண்டாயிற்று.

செய்தி வகுப்பை எட்டியது. மறுநாள் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்றாள். "ஹஜ்ரத், ஹுத்ஹுத் பறவையின் வீட்டையா வெட்டப் போகிறார்கள்?" என்று கேட்டாள்.

அவள் அவ்வாறு கேட்டதற்குக் காரணம் நான்தான். சுலைமான் (அலை) அவர்களுக்கு ஸபா நாட்டு அரசியைப் பற்றிய செய்தியைக் கொண்டுவந்த ஹுத்ஹுத் பறவையின் வரலாற்றைச் சில வாரங்களுக்கு முன் வகுப்பில் சொல்லியிருந்தேன். ஹுத்ஹுத் என்றால் மரங்கொத்தி என்றும் விளக்கியிருந்தேன். எனக்குச் சிறுவயதில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் அப்படியே சொன்னேன். நபியொருவரிடம் சேவகம் செய்த பறவையின் வீட்டை அதே ஹஜ்ரத் வெட்டச் சொல்கிறாரே என்று அந்தப் பிள்ளையின் மனம் குழம்பியிருக்கிறது. அவள் கண்கள் கலங்கியிருந்தன. "பிறகு சொல்கிறேன், உட்கார்" என்றேன். உண்மையில் சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

அன்று அஸர் தொழுகைக்குப்பின் மோதினாரிடம் இதைச் சொன்னேன். அவர் பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் வளர்ந்தவர். சிரித்துக்கொண்டே மரத்தடிக்கு அழைத்துச் சென்றார். "ஹஜ்ரத், இந்த மரத்தை மரங்கொத்தி கொல்லவில்லை. தென்னைக்குக் கிளை கிடையாது. உச்சியில் ஒரே குருத்துதான். அது போனால் மரம் போயிற்று. புயலன்றே இதன் கதை முடிந்துவிட்டது. செத்து, உளுத்து, மெத்தென்று ஆன பிறகுதான் இந்தப் பறவை வந்தது. உயிருள்ள கட்டையில் இவ்வளவு எளிதாக வீடு குடைய முடியுமா?" என்றார்.

நான் மேலே பார்த்தேன். பதினைந்து மாதங்களுக்கு முன் இறந்த மரத்தின் கொலைப்பழியை, இரண்டு மாதங்களுக்கு முன் வந்த பறவையின் மீது எழுத்தில் சுமத்தியிருக்கிறேன். வரலாறு படித்தவன் ஆண்டுக் கணக்கைக்கூடப் பார்க்கவில்லை. ஸபாவின் செய்தியைக் கேட்ட சுலைமான் (அலை) அவர்கள்கூட, அது மெய்யா பொய்யா என்று விசாரித்துப் பார்த்த பின்னரே மேற்கொண்டு செயல்பட்டார்கள் என்பதை அதே பாடத்தில் நான் பிள்ளைகளுக்கு அழுத்தமாகச் சொல்லியிருந்தேன்.

மறுநாள் நூலகத்திற்குச் சென்று பறவைகளைப் பற்றிய நூல்களைப் புரட்டினேன். என் இரண்டாவது தவறும் அங்கே வெளிப்பட்டது. ஹுத்ஹுத் என்பது மரங்கொத்தி அன்று. தமிழில் கொண்டலாத்தி என்று வழங்கப்படும் பறவை. அது மரத்தைத் துளைப்பதில்லை. தரையில் நடந்து, நீண்டு வளைந்த அலகால் மண்ணைக் கிளறிப் புழுக்களைத் தேடும். தலையில் விசிறிபோல் விரியும் கொண்டை அதற்கு உண்டு. எங்கள் தென்னைக்கு வந்ததோ பொன்முதுகு மரங்கொத்தி. இந்தியாவின் ஊர்ப்புறங்களிலும் தோப்புகளிலும் பரவலாகக் காணப்படும் மரங்கொத்தி இதுவே. சென்னையில் கிண்டித் தேசியப் பூங்காவிலும் உண்டு. மரங்கள் மிஞ்சியிருக்கும் தெருக்களிலும் உண்டு.

அதன்பின் நாள்தோறும் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் முற்றத்துத் திண்ணையில் அமர்ந்து அந்தப் பறவைகளைக் கவனிப்பது என் வழக்கமாயிற்று. முதலில் நான் மட்டும். பிறகு அந்தச் சிறுமி. பிறகு பாதி வகுப்பு.

மைனாவைவிடப் பெரிய பறவை. முதுகு பொன்னிறம், வாலடி கறுப்பு, தலையில் சிவப்புக் கொண்டை. ஆணுக்கு உச்சந்தலை முழுவதும் சிவப்பு. பெண்ணுக்கு நெற்றிப் பக்கம் கறுப்பில் வெண்புள்ளிகள். இந்த அடையாளத்தைப் பிள்ளைகள் ஒரே நாளில் கற்றுக்கொண்டு, "அத்தா வந்தாச்சு", "அம்மா போயாச்சு" என்று அறிவிக்கத் தொடங்கினர். இரண்டும் மாறிமாறிப் பொந்துக்குள் சென்றன. ஒன்று வந்தால்தான் மற்றொன்று வெளியேறும். ஏப்ரல் நடுவில் உள்ளிருந்து மெல்லிய இரைச்சல் கேட்கத் தொடங்கியது. குஞ்சுகள் பொரித்துவிட்டன என்றார் மோதினார்.

அந்தப் பறவையின் உடலமைப்பைப் படிக்கப் படிக்க வியப்பு மேலிட்டது. செங்குத்தான மரத்தில் அது நழுவாமல் நிற்பது எப்படி? விரல்களில் இரண்டு முன்னோக்கியும் இரண்டு பின்னோக்கியும் அமைந்து பட்டையைக் கவ்வுகின்றன. பின்விரல்களுள் ஒன்று மிகச் சிறியது. வால் இறகுகள் விறைப்பானவை. அவற்றை மரத்தில் ஊன்றி மூன்றாவது கால்போல் பயன்படுத்துகிறது. கொத்தும்போது தெறிக்கும் மரத்தூள் மூக்கில் புகாதபடி நாசித் துளைகளை நுண்ணிய இறகுகள் மூடியிருக்கின்றன. நாக்கோ அலகைக் கடந்து நெடுந்தொலைவு நீளக் கூடியது. அதைத் தாங்கும் எலும்பு வாய்க்குள் அடங்காமல் மண்டையோட்டின் பின்புறமாகச் சுற்றிச் சென்றிருக்கிறது. பொந்துக்குள் ஒளிந்திருக்கும் எறும்பையும் வண்டுப் புழுவையும் அந்த நாக்கே வெளியே இழுக்கிறது.

"இப்படி இடித்தால் தலை வலிக்காதா ஹஜ்ரத்?" என்று ஒரு மாணவன் அப்போது கேட்டான். மண்டையோட்டில் பஞ்சு போன்ற எலும்பு இருந்து அதிர்ச்சியைத் தாங்குகிறது என்று நூலில் படித்ததைச் சொன்னேன். அதுவும் திருத்தப்பட வேண்டியதாயிற்று. 2022இல் பெல்ஜியம் நாட்டின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மரங்கொத்திகளை அதிவேகப் படக்கருவியால் படமெடுத்து ஆராய்ந்தனர். தலை மெத்தையாக அன்று, விறைப்பான சுத்தியலாகவே இயங்குகிறது என்று அறிவித்தனர். அதிர்ச்சியைத் தலையே விழுங்கிவிட்டால் அடி மரத்தில் இறங்காதல்லவா? மூளை மிகச் சிறியதாக இருப்பதால்தான் அந்த அடிகள் அதனைப் பாதிப்பதில்லையாம். ஆசிரியர் தொழிலில் திருத்திக்கொள்வதற்கு முடிவே இல்லை என்பதை இந்தப் பறவை எனக்கு இரண்டு மூன்று முறை உணர்த்திவிட்டது.

இவ்வளவும் அறிந்தபின், ஒரு தோப்பிலோ காட்டிலோ இப்பறவையின் இடம் என்ன என்னும் கேள்வி எழுந்தது. காட்டில் பட்டமரம் வீண் அன்று. நிற்கும் பட்டமரத்தில் புழுவும் எறும்பும் பூஞ்சையும் பெருகுகின்றன. மரங்கொத்தி அவற்றைத் தேடித் துளைக்கிறது. இனப்பெருக்கத்திற்காக ஒரு பொந்தைக் குடைகிறது. குஞ்சுகள் பறந்தபின் அந்தப் பொந்து பெரும்பாலும் வேறு உயிர்களுக்குப் போய்ச் சேர்கிறது. பச்சைக்கிளி, மைனா, குண்டுகரிச்சான், புள்ளி ஆந்தை ஆகியவை பொந்தில் வாழ்பவை. ஆனால் கெட்டியான மரத்தில் புதிதாக ஒரு பொந்தைக் குடையும் கருவி அவற்றிடம் இல்லை. இயற்கையாக உளுத்த பொந்து கிடைக்க வேண்டும். இல்லையேல் மரங்கொத்தி விட்டுச் சென்றது கிடைக்க வேண்டும். ஊர் வயல்களில் எலி பிடிக்கும் ஆந்தைக்குக்கூட வீடு கட்டிக் கொடுக்கும் தச்சன் இந்தப் பறவைதான்.

இதை மறந்த இடங்களில் என்ன நடந்தது என்பதற்கு ஐரோப்பாவில் சான்று உண்டு. ஸ்வீடன் நாட்டில் காடுகளை நேர்த்தியாகப் பராமரிக்கிறோம் என்று பட்டமரங்களையெல்லாம் அகற்றி, ஒரே வகை மரங்களை வரிசையாக வளர்த்தனர். காடு அழியவில்லை, பச்சைப் பசேலென்றே இருந்தது. ஆனால் பட்ட இலைமரங்களை நம்பி வாழ்ந்த வெண்முதுகு மரங்கொத்தி ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. இப்போது பட்டமரங்களை வேண்டுமென்றே விட்டுவைத்து, வளர்த்த பறவைகளைக் காட்டில் விட்டு அதனை மீட்க முயன்று வருகிறார்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டவன் சும்மா இருக்கலாமா? வெட்டுவதற்கு இன்னும் ஒன்பது நாட்களே இருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப்பின் நிர்வாகத்தார் கூடியிருந்த அறைக்குள் சென்றேன். நான் எழுதிய மனுவையே நான் திரும்பப் பெற வேண்டியிருந்தது. பிறர் செய்த தவறைச் சுட்டிக்காட்டுவது எத்தனை எளிது என்பது அன்று விளங்கிற்று.

"மனுவில் நான் எழுதியது உண்மைக்குப் புறம்பானது. மரத்தைப் பட்டுப்போகச் செய்தது புயல், பறவையன்று. உள்ளே குஞ்சுகள் இருக்கின்றன. அவை பறக்கும் வரை பொறுக்க வேண்டும்" என்றேன்.

ஒருவர் சிரித்தார். "இரண்டு குருவிக்காக நோன்புக் கஞ்சிப் பந்தலை மாற்றச் சொல்கிறீர்களா ஹஜ்ரத்?" என்றார். மற்றொருவர் கேட்டது நியாயமான கேள்வி: "மரம் பிள்ளைகள் மேல் விழுந்தால் யார் பொறுப்பு? நீங்கள்தானே ஆபத்து என்று எழுதிக் கொடுத்தீர்கள்?" மோதினாரும் ஓர் உண்மையை மறைக்காமல் சொன்னார். உளுத்த தென்னங்கட்டையில்தான் காண்டாமிருக வண்டு பெருகும். அது பக்கத்துத் தென்னைகளின் குருத்தைக் குடையும். மரங்கொத்தி புழுக்களைத் தின்னும் என்றாலும் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடாது. ஆகவே, பட்டமரத்தை எந்த இடத்திலும் எந்நாளும் விட்டுவைக்கலாம் என்று வாதிட என்னால் இயலவில்லை. காட்டின் நியாயம் வேறு. பிள்ளைகள் ஓடியாடும் முற்றத்தின் நியாயம் வேறு. நான் கேட்டது மூன்று வார அவகாசம் மட்டுமே. காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் அழிப்பது, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாடுவதற்குச் சமம் என்பதையும் எடுத்துச் சொன்னேன்.

முத்தவல்லி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள். பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக் கூடாது. பந்தலை ஹவுலுப் பக்கம் போட்டுக்கொள்ளலாம். குஞ்சுகள் போன பிறகு பார்ப்போம்" என்றார். என்னைப் பார்த்து, "இனிமேல் மனு எழுதினால் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள் ஹஜ்ரத்" என்று சேர்த்துக்கொண்டார். அவையில் எல்லாரும் சிரித்தனர். நானும் சிரித்தேன், ஆனால் அந்தச் சொல் இன்றுவரை என்னை விட்டு அகலவில்லை.

மறுநாள் வகுப்பில் பிள்ளைகளிடமும் என் தவறை ஒப்புக்கொண்டேன். ஹுத்ஹுத் வேறு, மரங்கொத்தி வேறு என்று படம் காட்டி விளக்கினேன். அந்தச் சிறுமியின் முகம் வாடியது. "அப்படியென்றால் நம் பறவையைப் பற்றிக் குர்ஆனில் ஒன்றுமே இல்லையா?" என்றாள். அதற்கு விடை என்னிடம் இருந்தது. பூமியில் ஊர்ந்து திரியும் உயிர்களும், இரு சிறகுகளால் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்னும் கருத்து அல்அன்ஆம் அத்தியாயத்தில் வருகிறது. "பெயர் சொல்லப்படவில்லை, ஆனால் அதுவும் அதில் உண்டு" என்றேன். அவள் முகம் மலர்ந்தது.

மே முதல் வாரத்தில் ஒரு காலை, சுபுஹு தொழுகை முடிந்து வெளியே வந்தபோது மரத்தடியில் ஒரு குஞ்சு இறந்து கிடந்தது. காகம் இழுத்துப்போட்டதா, தானாக விழுந்ததா தெரியவில்லை. மோதினார் அதனைப் பூவரசின் அடியில் புதைத்தார். பிள்ளைகள் வருமுன் புதைத்துவிட்டதால் அவர்களிடம் சொல்ல வேண்டாமென்று முதலில் நினைத்தோம். பிறகு சொன்னோம். அதற்கு நான்கு நாட்கள் கழித்து, மற்ற இரண்டு குஞ்சுகளும் பொந்தின் வாயில் மாறிமாறித் தலையை நீட்டின. தாய் எதிர்க்கட்டடத்தின் மின்கம்பத்தில் அமர்ந்து, உரத்த சிரிப்பொலி போன்ற தன் குரலில் அழைத்துக்கொண்டிருந்தது. லுஹருக்குள் இரண்டும் போய்விட்டன. பறந்த நொடியை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை.

நோன்பு தொடங்குமுன் மரத்தின் மேற்பகுதியை மட்டும் அறுத்தனர். பொந்துக்குச் சற்று மேல்வரை விட்டு வைக்கச் சொன்னவர், கூட்டத்தில் சிரித்த அதே அன்பர்தான். அடுத்த ஆண்டு மரங்கொத்தி வரவில்லை. ஆனால் ஓர் இணை மைனாக்கள் அந்தப் பொந்தில் குடித்தனம் நடத்தின. நூலில் படித்ததை நேரில் கண்ட மகிழ்ச்சி எனக்கு. 2020இல் ஊரடங்கினால் மதரஸா மூடிக்கிடந்த மழைக்கால இரவொன்றில் அந்தக் கட்டை தானாகவே சாய்ந்தது. யாருக்கும் காயமில்லை. அந்த இடத்தில் மோதினார் ஒரு தென்னங்கன்றை நட்டிருக்கிறார்.

இந்தியப் பறவைகளைப் பற்றிய அறிவை மக்களிடம் கொண்டு சேர்த்த சாலிம் அலி அவர்களின் வாழ்வும் இப்படித்தான் தொடங்கியது. பெற்றோரை இழந்து மாமா வீட்டில் வளர்ந்த சிறுவன், தான் சுட்டு வீழ்த்திய ஒரு சிட்டின் கழுத்தில் மஞ்சள் நிறத்தைக் கண்டு, இது என்ன பறவை என்று கேட்டான். மாமா அவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்திற்கு அனுப்பி வைத்தார். "அதெல்லாம் உனக்கெதற்கு?" என்று அவர் அன்று சொல்லியிருந்தால் 1941இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் பற்றிய நூல் நமக்குக் கிடைத்திருக்குமா? கேள்வி கேட்ட அந்தச் சிறுமியை "உட்கார்" என்று சொன்ன நான் இதை அடிக்கடி எண்ணிப் பார்க்கிறேன். அவள் மதரஸாவை முடித்துச் சென்றுவிட்டாள். வழியில் கண்டால், "இந்த வாரம் என்ன பறவை பார்த்தீங்க ஹஜ்ரத்?" என்று அவள்தான் என்னிடம் பாடம் கேட்கிறாள்.

வீட்டுக் கொல்லையிலோ பள்ளிவாசல் முற்றத்திலோ பட்டமரம் ஒன்று நின்றால், அதை வெட்டத்தான் வேண்டுமென்றால் வெட்டுங்கள். ஆனால் மாசி தொடங்கி ஆனி வரையுள்ள காலத்தில், கோடரி எடுப்பதற்குமுன் ஒரு மாலைப்பொழுது அதனடியில் பிள்ளைகளோடு அமர்ந்து மேலே பாருங்கள். பொந்து இருந்தால், யாராவது வருகிறார்களா போகிறார்களா என்று கவனியுங்கள். குடித்தனம் இருந்தால் சில வாரங்கள் பொறுத்திருங்கள். எங்களுக்கு ஆன செலவு ஒரு கயிறும், பத்தடி தள்ளிப் போட்ட ஒரு பந்தலும்தான்.